நச்சுரல் என்றொரு பாராட்டு

சனிக்கிழமை காலை ஏழு நாற்பது. மெல்பேர்னின் மேற்கே, வெரிபீயில் கூடைப்பந்தாட்ட அரங்கின் பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது முதலில் கண்ணில் பட்டது ஓர் அளவுநாடா. தச்சு வேலைக்காரர் இடுப்பில் செருகிக்கொள்ளும் மஞ்சள் நிற இரும்பு நாடா. சுவரில் சாய்ந்து இரண்டு கைகளையும் விரித்தபடி நின்ற உயரமான கறுப்பு இளைஞன் ஒருவன் அதன் ஒரு நுனியை இடதுகை நடுவிரலில் பிடித்திருந்தான். மற்ற முனையை ஒரு தமிழர் அவனுடைய வலதுகை விரல்வரை இழுத்துக்கொண்டு போனார். ஐம்பது வயதிருக்கும். குள்ளமானவர், விரலை எட்டக் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது. முக்காலியில் கமரா ஓடிக்கொண்டிருந்தது. நீளத்தைக் கமராவைப் பார்த்து ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னார். அதன் பிறகுதான் இளைஞனிடம் பெயர் கேட்டார்.

“மஜோக்” என்றான் அவன். “அங்கிள், தலையையும் அளக்கப் போகிறீர்களா?”

பக்கத்தில் பந்து தட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிற்பகல் அந்த வீடியோ வெளிவந்தபோது அளவு இருந்தது. தலையைப் பற்றிய கேள்வி இருக்கவில்லை.

மஜோக் தென் சூடானிலிருந்து வந்த பெற்றோருக்கு மெல்பேர்னில் பிறந்தவன். அப்போது பதினோராம் ஆண்டு மாணவன். ஆனால் நான் எழுத வந்தது அளந்தவரைப் பற்றி. அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. அவருக்கு மனைவி இருக்கிறார், மகன் இருக்கிறான். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவரும் எனக்குக் கெடுதல் செய்தவர் அல்ல.

மேற்குப் புறநகர்களில் நடக்கும் இளைஞர் கூடைப்பந்து ஆட்டங்களைப் படம்பிடித்து இணையத்தில் போடும் அலைவரிசை ஒன்றை அவர் நடத்தினார். வர்ணனையும் அவரே. வார நாட்களில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை; சனிக்கிழமைகளில் நகரத்தின் மறுகோடியிலிருக்கும் ரோவிலிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருவார். வர்ணனையைக் கேட்டுக் கேட்டு, படத்துக்குக் கீழே ஓடும் எழுத்துகளாகத் தட்டுவது என் வேலை. கொழும்பில் ஒரு பத்திரிகையில் துணை ஆசிரியராக இருந்தவள் நான். பிறர் எழுதியதைச் சரிபார்த்தே பழகிய கண். அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் என் விரல் வழியாகப் போயிற்று. இல்லாவிட்டால் நானும் கவனித்திருக்க மாட்டேன்.

அவர் ஒருவரையும் திட்டியதில்லை. தோற்ற அணியைக்கூட நோகச் சொன்னதில்லை. பாராட்டுவதற்கென்றே பிறந்தவர்போல இருந்தார். பையன்களுக்குச் சூடான உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கிக் கொடுப்பார். பஸ் தவறியவர்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் இறக்குவார். அவர்கள் அங்கிள் அங்கிள் என்று சுற்றிவந்தார்கள். அவருக்கும் அவர்கள்மேல் பிரியம் இருந்தது. அந்தப் பிரியம் பொய் என்று நான் சொன்னால் அது தவறான செய்தி.

ஒரு நாள் சிவந்த தலைமயிர்க்காரப் பையன் ஒருவன் எதிரணி எறிந்த பந்தை இடையில் பாய்ந்து மறித்தான். “ஆட்டத்தை வாசித்துவிட்டான்” என்றார் அவர் ஆங்கிலத்தில். “இரண்டு நகர்வு முன்னாலேயே வாசித்துவிட்டான். என்ன மூளை.” தட்டினேன். சற்று நேரத்தில் மஜோக் அதே இடத்தில் நின்று அதே மாதிரி ஒரு பந்தை மறித்தான். “நச்சுரல்” என்றார். “சும்மா நச்சுரல். இதைக் கற்றுக்கொடுக்க முடியாது.” அதையும் தட்டினேன். இரண்டு வரிகளும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

இடைவேளையில் கேட்டேன்.

“அண்ணை, ரெண்டு பேரும் செய்தது ஒண்டுதானே. அவன் வாசிச்சவன் எண்டா இவன் ஏன் வாசிக்கேல்லை?”

“என்ன தங்கச்சி, நான் பிழையாவோ சொன்னனான்? புகழ்ந்தெல்லோ சொன்னனான்.”

“ரெண்டு புகழும் ஒண்டில்லை.”

“நீங்கள் பேப்பர்காரர். சொல்லைப் பிடிச்சு இருத்தி வைச்சுப் பேன் பாப்பியள்” என்று சிரித்துவிட்டு ஒரு தேத்தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

அதன் பிறகு நான் தொடர்ந்து கேட்டேன். வெள்ளைப் பையன்களும் ஆசியப் பையன்களும் வாசித்தார்கள், யோசித்தார்கள், திட்டமிட்டார்கள், உழைத்தார்கள். கறுப்புப் பையன்கள் பறந்தார்கள், வெடித்தார்கள், பாய்ந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் பிறக்கும்போதே வந்திருந்தது. அமெரிக்க ஆட்டங்களைப் பல வருடங்களாகத் தொலைக்காட்சியில் பார்த்தே அவர் வர்ணனை பழகியிருந்தார். அந்தக் குரல்களின் ஏற்ற இறக்கம்கூட அவரிடம் அப்படியே இருந்தது. சொந்தமாக ஒரு சொல்கூட அவர் செய்யவில்லை. எந்தச் சொல் எந்த உடம்புக்கு என்பதும் அந்தப் பொதியோடு சேர்ந்தே வந்திருந்தது. விளையாட்டின் விதிகளில் அதுவும் ஒன்று என்று நினைத்திருந்தார்.

ஒருமுறை ரோவிலுக்குச் சாப்பிட அழைத்தார். நல்ல வீடு, குசினியிலிருந்து நண்டுக் குழம்பின் வாசம் வாசல்வரை வந்தது. வந்திருந்த உறவினர் ஒருவர் கைகழுவிக்கொண்டு, “இப்பவும் அந்தக் காப்பிலிப் பெடியளோடதானோ சனிக்கிழமை முழுக்க?” என்று கேட்டார்.

அவருடைய முகம் மாறியது. “அந்தச் சொல்லு என்ரை வீட்டிலை வேண்டாம்” என்றார். “எங்களை ஆரும் அப்பிடி ஒரு சொல்லாலை கூப்பிட்டா எப்பிடியிருக்கும்?” உறவினர் ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார்.  நான் அவரை மதித்த நேரம் அது ஒன்றுதான். அது சோறு பரிமாறும்வரை நீடித்தது.

“அவங்கள் அருமையான பெடியள்” என்றார், நண்டை உடைத்தபடி. “படிப்புத்தான் சரிவராது. அதுக்கென்ன, கடவுள் உடம்பைக் குடுத்திருக்கிறார். எங்கட பிள்ளையளுக்கு அந்த உடம்பு இல்லை. இவங்கள் மூளையை வைச்சுத்தான் பிழைக்க வேணும்.”

எதிரே இருந்த மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் பதினோராம் ஆண்டுதான்.

“இவனும் நல்லா விளையாடினவன்” என்றார் மனைவி. “இவர்தான் ரியூசனுக்கு நேரம் காணாது எண்டு நிப்பாட்டினவர்.”

“எனக்கு அது உடம்பில் இல்லையாம்” என்றான் மகன் ஆங்கிலத்தில். “அப்பா அளந்து பார்த்தார்.”

எல்லோரும் சிரித்தார்கள். மகனுக்கு மூளை, மஜோக்குக்கு உடம்பு. பங்கிட்டு முடித்துவிட்டு இன்னொரு நண்டுக்காலை எடுத்தார்.

பருவத்தின் நடுவில் மஜோக்கைப் பேட்டி எடுத்தார். கமராவுக்குப் பின்னால் நான் இருந்தேன். என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்கு எழும்புவாய், அப்பா எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட்டு, பேச்சை முடிக்கும் விதமாக “பாடசாலையில் எது பிடிக்கும்?” என்றார். பாட்டு என்றோ உடற்பயிற்சி என்றோ பதில் வரும் என்று எதிர்பார்த்திருப்பார்.

மஜோக் நான்கு நிமிடம் பேசினான். அவர்கள் இருந்த வாடகை வீடு புதுக் குடியிருப்பில் இருக்கிறது. கட்டிச் சில வருடத்திலேயே சுவரில் வெடிப்பு. மழைக்காலத்தில் வெடிப்பு ஒடுங்குகிறது, கோடையில் விரிகிறது. வீடு பிழையாகக் கட்டப்பட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவன் தேடிப் பார்த்தான். இந்தப் பக்கத்துக் களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வீடு அதன்மேல் மிதக்கிற மாதிரித்தான். எவ்வளவு ஊதும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியும். அந்தக் கணக்கு அவனுக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. அதற்காகத்தான் ஸ்பெஷலிஸ்ட் என்கிற உயர்கணிதமும் பௌதிகமும் எடுத்திருக்கிறான். சிவில் எஞ்சினியரிங் படிக்க வேண்டும்.

“எல்லாரும் சுவரைப் பார்க்கிறார்கள்” என்றான். “என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும்.”

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கேட்டுக்கொண்டிருக்கவில்லை; அவருடைய கண் கமராவின் மின்கல அளவில் இருந்தது.

வெளிவந்த வீடியோவில் அந்த நான்கு நிமிடமும் இல்லை. மஜோக் பாய்ந்து வளையத்தில் தொங்கினான், பின்னணியில் முரசு, “போரிலிருந்து வந்தவன், பறக்கப் பிறந்தவன்” என்று அவருடைய குரல்.

அது வெளிவந்த அன்று மாலை என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிடக் கூட்டிப்போனார். காருக்குள் கேட்டேன்.

“அவன் பிறந்தது இஞ்ச மெல்பேர்னிலை, ஃபுட்ஸ்கிரேயிலை, அண்ணை. எந்தப் போர்?”

“தாய் தேப்பன் அங்கயிருந்துதானே வந்தவை.”

“அவன் களிமண்ணைப் பற்றிச் சொன்னது?”

சிவப்பு விளக்கில் காரை நிறுத்தினார். பிறகு, நான் கேட்காத ஒன்றைச் சொன்னார். படகில் வந்து வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்த காலத்தில் ஒரு பத்திரிகை அவரைப் படமெடுத்ததாம். கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற படம். அதைப் பார்த்த யாரோ ஒரு வழக்கறிஞர் தேடி வந்தாராம்.

“அதுக்குக் கீழே ‘விஞ்ஞானப் பட்டதாரி’ எண்டு போட்டிருந்தா ஆர் தங்கச்சி இரங்கியிருப்பினம்? ஒரு படம் ஒரு விசயம்தான் சொல்ல வேணும். ரெண்டு சொன்னா ஆக்கள் குழம்பிப்போவினம்.”

அந்தப் படம் அவருக்கு உதவியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் போகத் தவித்தவர் அவர். அதற்கு அந்தப் படம் போதும். மஜோக் எந்த வேலிக்குள்ளும் நிற்கவில்லை. இவர்தான் ஒன்றைக் கொண்டுவந்து அவனுக்கு முன்னால் நட்டார்.

வீடியோ நன்றாக ஓடியது. அமெரிக்கக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மஜோக்கின் பாடசாலையிலும் பார்த்தார்கள். பன்னிரண்டாம் ஆண்டுக்குப் பாடம் தெரிவு செய்யும் காலம் அது. ஆண்டுப் பொறுப்பாசிரியை அவனை அழைத்து, கனமான இரண்டு பாடங்களை விட்டுவிட்டு விளையாட்டும் பொழுதுபோக்கும் என்ற தொழிற்பாடத்தை எடுத்தால் பயிற்சிக்கு நேரம் கிடைக்கும் என்றார். ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை. கனமான இரண்டும் எவை என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்த சனிக்கிழமை மஜோக்கின் தாய் அரங்குக்கு வந்தார். முதியோர் இல்லமொன்றில் தாதி. இரவு வேலை முடித்துச் சீருடையோடு நேரே வந்திருந்தார். அவர் பேசியதும் ஆங்கிலம்தான், தமிழ் என்னுடையது.

“நீங்கள்தான் வீடியோ செய்கிறவரா?”

“வாங்கோ, சிஸ்டர், இருங்கள்” என்று ஆங்கிலமும் தமிழுமாகச் சொல்லிக் கதிரையை இழுத்துப் போட்டார் அவர்.

“நான் உங்கள் சிஸ்டர் இல்லை. மஜோக்கின் அம்மா. என் மகன் போரிலிருந்து வந்தான் என்று சொல்லியிருக்கிறீர்கள். அவன் கண்ட ஒரே போர், காலையில் குளியலறைக்காகத் தங்கையோடு நடக்கிறது.”

அவர் சிரித்தார். தாய் சிரிக்கவில்லை.

“அது உங்கள் குடும்பத்தின் கதை. பலமான கதை. அமெரிக்காவில் இதைத்தான் விரும்புவார்கள்.”

“என் கதையென்றால் என்னிடம் கேட்டிருக்கலாம்.” கதிரையில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். “நான் எல்லா ஆட்டமும் பார்த்தேன். கீழே எழுத்தும் வருகிறதே, அதை வாசித்தேன். மற்றப் பிள்ளைகள் ஆட்டத்தை வாசிக்கிறார்களாம். என் மகன் ஒன்றையுமே வாசிப்பதில்லையா?”

“அவன் வாசிக்கத் தேவையில்லை” என்றார் அவர், முகமெல்லாம் மலர. “அவனுக்குள்ளேயே இருக்கிறது.”

தன்னிடமிருந்த மிகப் பெரிய பாராட்டை எடுத்துக் கொடுத்தவரின் முகம் அது. தாய் அவரைச் சற்று நேரம் பார்த்தார். நோயாளியின் வெப்பநிலையைப் பார்க்கிறவர் போல.

“அவனுடைய டீச்சரும் இதைத்தான் சொன்னார்” என்றார். “பாருங்கள், நீங்கள் அவனிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்கள், உயரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். யோசித்துச் சொல்ல வேண்டிய, விடை பிழைத்தும் போகக்கூடிய ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்று அவனாகச் சொன்னான். மண்ணைப் பற்றி. வீட்டில் வந்து சொன்னான், அம்மா, இன்று நான் களிமண்ணைப் பற்றிப் பேசினேன், அது வரப்போகிறதென்று. நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். அது வரவில்லை. மாதமுடிவில் பாடம் தெரிவு செய்ய வேண்டும். அதற்குள் அதைப் போடுங்கள். டீச்சர் ஒருமுறை காணட்டும். அவனும் ஒருமுறை காணட்டும்.”

“போடுகிறேன்” என்றார் அவர். “சத்தியமாகப் போடுகிறேன்.”

தாய் போன பிறகு என்னிடம், “பாவம், நல்ல மனுசி” என்றார். “தாய்மனம். போட்டுவிடுவம்.”

அவர் சொல்லை மீறவில்லை. மூன்றாம் நாள் ஒரு புது வீடியோ வந்தது. வேகம் குறைத்த காட்சியில் மஜோக் தரையைவிட்டு எழும்புகிறான். சப்பாத்து மரத்தரையிலிருந்து பிரிகிறது. அந்த நேரத்தில் அவனுடைய சொந்தக் குரல்: “என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரிய வேண்டும்.” உடல் காற்றில் நிற்கிறது. கீழே வெறும் தரை. முரசு. வளையம் அதிர்கிறது. முடிந்தது.

களிமண் என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“தாய் கேட்ட மாதிரியே போட்டிட்டன், பாத்தனீங்களோ?” என்றார். குரலில் அசல் சந்தோசம். “என்ன வசனம் அது. அந்தப் பெடியன் தன்ரை வாயாலை சொன்னது.”

“அவன் சொன்னது வீட்டுக்கு அத்திவாரம் போடுறதைப் பற்றி.”

“ஆர் தங்கச்சி அத்திவாரத்தைப் பாப்பினம்?”

இதைவிடத் துல்லியமாக அவரை யாரும் விவரிக்க முடியாது. தன்னைத் தானே விவரித்துவிட்டார். பத்திரிகையில் இருந்த காலத்தில் பொய் எழுதியவர்களை எனக்குத் தெரியும். எழுதும்போது அவர்களுடைய கண் ஓரமாகப் போகும். இவருடைய கண் எங்கும் போகவில்லை. அவனுடைய வாயிலிருந்து அவனுடைய வசனத்தையே எடுத்து, அதிலிருந்த அர்த்தத்தை உருவியெடுத்து, வெறும் உறையை அவனுக்கே மாலையாகப் போட்டார். போட்டுவிட்டுக் கைதட்டினார். வெட்டாத பேட்டியை ஒரு பிரதியெடுத்து மஜோக்கின் தாய்க்கு அனுப்பிவிட்டு, இனி வரமாட்டேன் என்று அவருக்குச் சொன்னேன். கடைசியாக ஒரு சனிக்கிழமை, எழுத்துத் தட்ட அவர் தந்திருந்த கணினியைத் திருப்பிக் கொடுக்க மட்டும் போனேன்.

மஜோக் அரங்கின் வாசலில் சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“பாடம் தெரிவு செய்துவிட்டாயா?” என்று கேட்டேன்.

“ஓம் அக்கா” என்றான். ‘ஓம்’ என்ற சொல்லை எங்களிடமிருந்து பிடித்திருந்தான். பிறகு ஆங்கிலத்தில், “விளையாட்டு எடுத்தேன். பௌதிகத்தை விட்டுவிட்டேன். ஸ்பெஷலிஸ்டையும்.”

“அம்மா அந்த நான்கு நிமிடத்தையும் டீச்சருக்குக் காட்டினாரா?”

“காட்டினார். நன்றாகப் பேசுகிறான் என்றார் டீச்சர். தொலைக்காட்சியில் வர்ணனை செய்யலாமாம்.” சிரித்தான். “வகுப்பில் நான் விடை சொல்ல எழும்பினால் பின்னாலிருந்து கேட்கிறார்கள், மஜோக், காலுக்குக் கீழே என்ன இருக்கு என்று. எல்லாருக்கும் அந்த வசனம் மனப்பாடம்.”

“அதற்காகவா விட்டாய்?”

கயிற்றை இறுக்கினான். “நான் பாய்வதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், அக்கா. நான் கணக்குச் செய்வதை ஒருவரும் பார்த்ததில்லை. சோதனையில் ஒருமுறை குறைந்தால், பார்த்தாயா என்பார்கள். பாய்ச்சலில் ஒருமுறை தவறினால் கைதட்டுகிறார்கள். நீங்கள் எதை எடுப்பீர்கள்?”

கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தள்ளினேன். உள்ளே அவர் ஒலிவாங்கியைச் சோதித்துக்கொண்டிருந்தார். கணினியை மேசையில் வைத்து, மஜோக் பாடத்தை மாற்றியதைச் சொன்னேன்.

“நல்ல முடிவு” என்றார். “கெட்டிக்காரன்.”

அவர் மஜோக்கைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அடுத்த பருவத்தில் டார்னிட் பக்கத்திலிருந்து மஜோக்கைவிட உயரமான ஒருவன் வந்து சேர்ந்தான். அலைவரிசையில் அவனுடைய படங்கள் வரத் தொடங்கின. மஜோக்கைப் பற்றி அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. அமெரிக்காவிலிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை.

மஜோக்கின் தாயை ஒருநாள் வெரிபீ ரயில் நிலையத்தில் கண்டேன். பக்கத்தில் ஒன்பதாம் ஆண்டு படிக்கும் மகள். அண்ணன் விட்ட கணிதத்தைத் தான் எடுக்கப்போவதாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைப் பற்றிப் பாடசாலையில் விசாரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருப்பதாகத் தாய் சொன்னார். அந்தப் பாடசாலையில் ஸ்பெஷலிஸ்ட் கணித வகுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. மஜோக் விலகிய பிறகு, வகுப்பு நடத்தப் போதிய பேர் இருக்கவில்லை.